நெரிசலிற் கொதிக்கும் எஞ்சின்: காரணம் அறிதலும் பரிகாரமும்

மோட்டார் கார், ஜீப், டிராக்டர் முதலிய வாகனங்கள் பட்டணவாசிகளுக்கு மாத்திரம் உரியவை என்ற காலம் போய்விட்டது. உழவு, அறுவடை, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல், கிராம உத்தியோகஸ்தர்களின் சுற்றுப்பிரயாணம் ஆகிய யாவும் இவற்றைச் சார்ந்தே நடைபெறுகின்றன. கோடைகாலத்தில் இவ்வாகனங்களுக்கு அடிக்கடி நேரும் கோளாறு, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுதலாகும். திறந்த சாலையில் யாதொரு குறையுமின்றி ஓடும் வண்டி, ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய காய்கறிச் சந்தையின் நெரிசலிலோ, சர்க்கரை ஆலை வாயிலில் நிற்கும் கரும்பு வண்டிகளின் வரிசையிலோ, நெல் கொள்முதல் நிலையத்தின் முன்போ அடியடியாக நகரும்பொழுது கொதிப்பதை அநேகர் கண்டிருப்பர்.

இக்கோளாற்றை அற்பமென்று எண்ணி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே செல்வது பலருடைய வழக்கம். அவ்விதம் செய்வதால் காரணம் நீங்குவதில்லை. முதலில் சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸினாலோ, தளர்ந்த பெல்ட்டினாலோ உண்டான குறை, நாளடைவில் சிலிண்டர் தலைப்பாகம் வளைவதற்கும், கேஸ்கெட் கருகுவதற்கும், பிஸ்டன் இறுகுவதற்கும் இடமாகிறது. அப்பொழுது செலவு பல ஆயிரக்கணக்கில் ஏறுவதோடு, வண்டியும் வேலை மிகுந்த பருவத்தில் ஒர்க்‌ஷாப்பில் கிடக்க நேரிடும். ஆகையால், காரணத்தைப் படிப்படியாய்க் கண்டறியும் முறையை வண்டி வைத்திருப்போர் யாவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

உஷ்ணம் உண்டாகும் விதமும் நீங்கும் விதமும்

எஞ்சினில் எரியும் எண்ணெயின் உஷ்ணம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. உத்தேசமாய் மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. எஞ்சியுள்ள பங்கின் பெரும்பகுதி சிலிண்டர்ச் சுவர்களில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உஷ்ணம் ஒரு கணம் 2,000 டிகிரி செண்டிகிரேடுக்கும் மேற்படுவதால், சுவரில் ஏறும் உஷ்ணத்தை இடைவிடாமல் வாங்கிச் செல்ல ஒரு சாதனம் வேண்டும். எஞ்சினைச் சுற்றி ஓடும் ஜலமே அச்சாதனம்.

1886-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் உரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ஜலம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுவோர் அடிக்கடி நிரப்பவேண்டும். 1901-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்ஸிடிஸ் 35 குதிரைச்சக்தி வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதன்பின் ஒரே ஜலத்தைத் திரும்பத் திரும்ப உபயோகித்தல் எளிதாயிற்று. இன்றைய வண்டிகளிலும் முறை அதுவே. பம்பு ஜலத்தை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சூடான ஜலம் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கி வாயிலைத் தாண்டி ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களிலும் தகடுகளிலும் காற்றுப் பட்டுக் குளிர்ந்து மறுபடியும் எஞ்சினை அடைகிறது.

ஜலம் சாதாரணமாய் 80 முதல் 100 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் இருத்தல் எஞ்சினுக்கு உகந்தது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், அழுத்தத்தின்கீழ் அவ்வளவு எளிதிற் கொதிப்பதில்லை. ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குவதாயின், ஜலம் கொதிப்பதற்கு ஏறக்குறைய 120 டிகிரி வேண்டும். உதகமண்டலம் போன்று 7,000 அடிக்கு மேற்பட்ட மலையூர்களில் திறந்த ஜலம் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலின், மூடி கெட்ட வண்டி சமவெளியில் ஒருவாறு ஓடினாலும் மலையேற்றத்தில் கைவிட்டுவிடும்.

ஓடும்பொழுது அடங்கி, நிற்கும்பொழுது ஏறுவதேன்?

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுகிறது. அந்நிலையில் விசிறி சுழலாவிட்டாலும் பெரும்பாலும் தீங்கில்லை. வண்டி நெரிசலில் நின்றுவிட்டாலோ எதிர்க்காற்று அற்றுப்போகிறது. விசிறி இழுக்கும் காற்றே முழு ஆதாரம். எனவே விசிறியிலுள்ள குறை திறந்த சாலையில் மறைந்திருந்து நெரிசலில் வெளிப்படுகிறது.

டிராக்டரின் நிலைமையும் இத்தகையதே. வயலில் உழும்பொழுது டிராக்டர் மனிதன் நடக்கும் வேகத்தையொட்டியே செல்கிறது. எஞ்சினோ முழுப் பாரத்தைச் சுமக்கிறது. அதாவது, டிராக்டர் என்றும் நெரிசலில் நிற்கும் காரைப் போன்றது. ஆகையால் காருக்குச் சொல்லப்படும் விசிறிப் பரிசோதனைகள் டிராக்டருக்கு இன்னும் அதிக அவசியமாகும்.

கோடையின் கொடுமையும் கவனிக்கத்தக்கது. ரேடியேட்டர் வெளிவிடும் உஷ்ணம், ஜலத்துக்கும் காற்றுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. ஜலம் 95 டிகிரியும் காற்று 25 டிகிரியும் ஆனால் வித்தியாசம் 70. கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரியானால் வித்தியாசம் 55 ஆகிறது. ரேடியேட்டரின் திறமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மார்கழியில் தெரியாதிருந்த சிறு குறை சித்திரையில் பெரிதாய்த் தோன்றுவதன் காரணம் இதுவே. ஏ.சி. என்னும் குளிர்சாதனம் உள்ள வண்டிகளில், ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்துள்ள கண்டென்ஸர் தன் உஷ்ணத்தையும் அக்காற்றிலேயே விடுவதால் பாரம் மேலும் மிகும்.

வழியில் முள் ஏறினால் செய்யவேண்டியவை

உஷ்ணமானியின் முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியவுடன் ஏ.சி.யை நிறுத்தவேண்டும். வண்டிக்குள் ஹீட்டர் இருப்பின், அதை முழுமையாய்த் திறந்து அதன் விசிறியையும் ஓடவிடுதல் நலம். இது பிரயாணிகளுக்கு அசௌகரியமாயினும், ஒரு சிறு ரேடியேட்டரைக் கூடுதலாய்ச் சேர்த்ததற்கு ஒப்பாகும். விசிறி பெல்ட்டினால் சுழலும் வண்டியாயின், கியரை விடுவித்து எஞ்சினைச் சற்று வேகமாய், நிமிஷத்துக்கு 1,500 சுற்று அளவில் ஓடவிட்டால் காற்றும் ஜலமும் அதிகமாய்ப் பாயும்.

முள் சிவப்புக் கோட்டை எட்டினாலும், ஆவி கிளம்பினாலும், தாமதமின்றி வண்டியை ஓரமாய் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடவேண்டும். "ஊர் இன்னும் ஒரு மைல்தானே" என்று ஓட்டுவதே தலைப்பாகம் வளைவதற்கு முதற்காரணம். இக்கால எஞ்சின்களில் தலைப்பாகம் பெரும்பாலும் அலுமினியத்தாலானது; அது மிகைச்சூட்டில் எளிதில் வளையும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தினாலும் திறத்தலாகாது. அழுத்தத்தின்கீழ் 100 டிகிரிக்கு மேற்பட்டிருக்கும் ஜலம், மூடியைத் திறந்த கணத்திலேயே பொங்கி ஆவியாய்ச் சீறும். முகமும் கையும் வெந்து கண் கெடக்கூடும். துணியைப் போட்டுத் திறப்பதும் பாதுகாப்பாகாது. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸ் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் நிலையும், அமுக்கினால் மெத்தென்றிருக்கும் நிலையும் வந்த பின்னரே மூடியில் கைவைக்கவேண்டும். சூடான எஞ்சினின்மேல் தண்ணீரைக் கொட்டுவதும், ஜலம் வற்றிய எஞ்சினுக்குள் குளிர்ந்த ஜலத்தை ஒரேயடியாய் ஊற்றுவதும் வார்ப்பிரும்பு வெடிக்க இடந்தரும்.

மற்றொன்றும் அறிந்திருத்தல் வேண்டும். ஜலம் மிகவும் வற்றிவிட்டால், உஷ்ணமானியின் உணர்கருவி ஜலத்தில் அமிழாமல் வெறும் ஆவியில் நிற்கும். அப்பொழுது எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, முள்ளோ கீழே இறங்கிக் காட்டும். ஏறிய முள் திடீரென்று காரணமின்றி இறங்கினால் அதைக் கண்டு ஆறுதல் கொள்ளாமல் வண்டியை நிறுத்தவேண்டும்.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி

வைத்தியர் நாடியைப் பார்க்குமுன் நோயாளியை விசாரிப்பதுபோல, கருவியைக் கையிலெடுக்குமுன், "எப்பொழுது சூடாகிறது?" என்று விசாரித்தல் வேண்டும். இவ்விடையிலேயே பாதி நோய் விளங்கிவிடும்.

நிற்கும்பொழுதும் மெதுவாய்ச் செல்லும்பொழுதும் மாத்திரம் சூடேறி, வேகமாய் ஓடினால் தணிந்துவிடுமாயின், குறை காற்றோட்டத்தில் உள்ளது. விசிறி, பெல்ட், விசிறியின் மின்சார இணைப்பு, ரேடியேட்டர் முகப்பின் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

வேகமாய்ச் செல்லும்பொழுதும், பாரத்துடன் மேடேறும்பொழுதும் சூடேறி, மெதுவாய்ச் சென்றால் தணியுமாயின், குறை ஜலவோட்டத்தில் உள்ளது. ரேடியேட்டரின் உட்குழாய் அடைப்பு, பம்பின் தேய்வு, உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே, எந்த வேகத்திலும் சூடேறுமாயின், ஜலக்குறைவு, திறவாத தெர்மோஸ்டாட், பழுதான கேஸ்கெட் ஆகிய மூன்றில் ஒன்றாயிருக்கும்.

வரிசையான பரிசோதனைகள்

பரிசோதனைகளை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாய்ச் செய்யவேண்டும். வரிசை தவறினால் நல்ல உறுப்புகளை மாற்றிப் பணம் விரயமாகும்.

1. ஜல மட்டம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது ரேடியேட்டரிலும் துணைப் பாட்டிலிலும் மட்டத்தைப் பார்க்கவேண்டும். துணைப் பாட்டிலில் ஜலம் இருப்பதால் ரேடியேட்டரிலும் இருக்குமென்று எண்ணுதல் கூடாது. மட்டம் குறைந்திருப்பின் எங்கே போயிற்று என்று தேடவேண்டும். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் அடிப்பாகம், பம்பின் அடியிலுள்ள சிறு கசிவுத் துவாரம், வண்டிக்குள் கால் வைக்கும் இடத்திலுள்ள ஈரம் ஆகியவை கவனிக்கத்தக்கவை.

2. ரேடியேட்டர் முகப்பு. அறுவடைக் களத்திலும் வயலோரச் சாலைகளிலும் செல்லும் வண்டிகளின் ரேடியேட்டர்த் தகடுகளில் பதர், வைக்கோல் தூசி, பஞ்சு, பூச்சிகள் ஆகியவை அடைந்துகொள்ளும். ஏ.சி. உள்ள வண்டிகளில் இவ்வழுக்கு கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் படிவதால் முன்புறமிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. பின்னாலிருந்து விளக்கைக் காட்டி முன்னாலிருந்து பார்த்தால் ஒளி ஊடுருவுகிறதா என்பது விளங்கும். கழுவும்பொழுது எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும். காற்றுச் செல்லும் திசைக்கு எதிராக, அதாவது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய நீரோட்டத்தால் கழுவவேண்டும். மிக்க அழுத்தமுள்ள நீரைக் கிட்டத்தில் பாய்ச்சினால் தகடுகள் மடிந்து அடைப்பு அதிகமாகும். முகப்பில் பூட்டிய கூடுதல் விளக்குகள், பெயர்ப்பலகைகள், ஆயுத பூஜைக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட மாலைகள், வாழைக்கன்றுகள், கொடித்துணிகள் ஆகியவையும் காற்றைத் தடுப்பனவே.

3. பெல்ட்டினால் சுழலும் விசிறி. எஞ்சினை அணைத்து, பெல்ட்டின் மிக நீண்ட பாகத்தின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால், சாதாரணமாய் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேற்பட்டுத் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும்; விசிறி மாத்திரமன்றிப் பம்பும் மெதுவாய்ச் சுழலும். பளபளவென்று மினுமினுப்பாகிவிட்ட பெல்ட்டையும், வெடித்த பெல்ட்டையும் மாற்றிவிடவேண்டும். சில ஜீப்புகளிலும் வேன்களிலும் விசிறிக்கு நடுவே பிசின்போன்ற எண்ணெய் நிரம்பிய இணைப்பு உண்டு. எஞ்சின் நன்றாய்ச் சூடான பின் அணைத்து, விசிறியைக் கையால் சுற்றினால் அது தடைபட்டுச் சுழலவேண்டும். காற்றாடியைப்போல் தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினால் அவ்விணைப்பு கெட்டுவிட்டது. அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் காணலாம்.

4. மின்சார விசிறி. இக்காலக் கார்களில் பெரும்பாலும் உள்ளது இதுவே. எஞ்சின் அணைந்திருக்கும்பொழுதும் இது திடீரென்று சுழலக்கூடுமாதலால், இணைப்பை எடுக்காமல் இறகுகளின் அருகே கை நீட்டலாகாது. வண்டியை நிறுத்திய இடத்திலேயே, ஏ.சி. இன்றி எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனிக்கவேண்டும். முள் சாதாரண நிலையைச் சிறிது தாண்டியதும் விசிறி சுழலத் தொடங்கி, சில நிமிஷங்களில் உஷ்ணத்தைத் தணித்துத் தானே நிற்கவேண்டும்.

அது சுழலாவிடில், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கவேண்டும். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டவுடன் விசிறி சுழலும். அப்பொழுது சுழன்றால் மோட்டார் நல்லது. உஷ்ணத்தை உணர்த்தும் கருவியோ அதன் கம்பியோ பழுதென்று கொள்ளலாம். அப்பொழுதும் சுழலாவிடில் முதலில் பியூஸ், பிறகு ரிலே, பிறகு இணைப்பு முனைகளில் பாசி என வரிசையாய்ப் பார்த்து, இறுதியில் பியூஸ் வைத்த கம்பியால் பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராய் மின்சாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். மோட்டாரின் உறையில் மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் மாத்திரம் சுழலுமாயின், அதன் உள்ளேயுள்ள கார்பன் பிரஷ்கள் தேய்ந்துபோயின. இரண்டு வேகமுள்ள விசிறிகளில் குறைந்த வேகத்துக்குரிய தடைக்கருவி எரிந்துவிடுவதும் உண்டு.

புதிதாய் மோட்டார் மாற்றிய வண்டிகளில் ஒரு விசித்திரமான தவறு நேர்வதுண்டு. கம்பிகளை மாற்றிப் பூட்டினால் விசிறி தலைகீழாய்ச் சுழன்று காற்றை முன்னோக்கித் தள்ளும். வண்டியின் முகப்பில் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுபடவேண்டும். வெளியே தள்ளப்பட்டால் கம்பியை மாற்றவேண்டும். மேலும், விசிறியைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்திருந்தாலோ, ஒர்க்‌ஷாப்பில் கழற்றித் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தாலோ, விசிறி ரேடியேட்டர் வழியாய் இழுக்கவேண்டிய காற்றைப் பக்கங்களிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

5. மூடி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ, வில் தளர்ந்தோ இருப்பின் அழுத்தம் நில்லாது. ஜலம் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துத் துணைப் பாட்டிலுக்குப் போய்விடும். எஞ்சின் குளிர்ந்த பின் ஹோஸ் குழாய் சப்பிப்போயிருந்தால் மூடியின் உள்வாங்கும் வால்வு அடைபட்டதென்று அறியலாம். புதிய மூடி வாங்கும்பொழுது பழையதில் பொறித்துள்ள அழுத்த அளவையே கொள்ளவேண்டும். மிகுந்த அழுத்தமுள்ள மூடியைப் போடுவது ஹோஸையும் ரேடியேட்டரையும் வெடிக்கச் செய்யும்.

6. தெர்மோஸ்டாட். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாகியும் மேல் ஹோஸும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால் இது திறக்கவில்லை என்று பொருள். இதைக் கழற்றி, நூலிற் கட்டி, பாத்திரத்திலுள்ள ஜலத்தில் அடியிற் படாமல் தொங்கவிட்டு, உஷ்ணமானியும் வைத்துக் காய்ச்சவேண்டும். அதன்மேற் பொறித்துள்ள உஷ்ணம், உதாரணமாக 82 டிகிரி, வந்தவுடன் திறக்கத் தொடங்கி, மேலும் 10 அல்லது 15 டிகிரிக்குள் முழுவதும் திறக்கவேண்டும். கோடைக்கு இது வேண்டாமென்று எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுவது சிலர் வழக்கம். அது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதித்து எண்ணெய்ச் செலவும் தேய்வும் மிகும். சில எஞ்சின்களில் ஜலம் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிக் கொதிப்பும் அதிகமாகும்.

7. பம்பும் ரேடியேட்டரின் உட்புறமும். பம்பின் கசிவுத் துவாரத்தில் ஈரமோ, தண்டில் ஆட்டமோ காணப்பட்டால் மாற்றவேண்டும். கசிவின்றியே உள்சக்கரத்தின் இறகுகள் துருவால் அரிக்கப்பட்டிருப்பதும் உண்டு. ரேடியேட்டரின் உள்ளடைப்பை அறிய, எஞ்சின் சூடான பின் அணைத்து, மின்சார விசிறியின் இணைப்பையும் எடுத்துவிட்டு, தகடுகளின்மேல் ஓரத்துக்கு ஓரம் கையைக் கிட்டவைத்துப் பார்க்கவேண்டும். இடையிடையே குளிர்ந்த பட்டைகள் தென்பட்டால் அவ்விடத்துக் குழாய்களில் ஜலம் ஓடவில்லை.

8. கேஸ்கெட். மேற்கண்டவை யாவும் சரியாயிருந்தும் சூடேறினால், சிலிண்டர்த் தலைக் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரண்டு நிமிஷங்களில் ஹோஸ் கல்போல் இறுகுதல், ரேடியேட்டர் வாயில் இடைவிடாத குமிழிகள், புகைக்குழாயில் நீங்காத வெண்புகை, எண்ணெய்க் கம்பியில் பால் கலந்த காப்பியைப் போன்ற நிறம் ஆகியவை இதன் அறிகுறிகள். நீலநிறப் பரீட்சைத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து, அது மஞ்சளாக மாறுகிறதா என்று ஒர்க்‌ஷாப்புகளில் பார்ப்பர். மாறினால் புகைவாயு ஜலத்தில் கலக்கிறதென்பது நிச்சயம். எண்ணெயில் ஜலம் கலந்த அறிகுறி கண்டபின் அவ்வண்டியை ஓட்டலாகாது.

ஓர் உதாரணம்

ஒரு குடியானவரின் கார் நாற்கரச் சாலையில் முள் நடுவில் நிற்க ஓடுகிறது. சந்தைத் தெருவில் பத்து நிமிஷத்தில் முள் ஏறுகிறது. மறுபடி சாலைக்கு வந்தால் இறங்குகிறது. எண்ணெய்ச் செலவை உத்தேசித்து அவர் ஏ.சி. போடுவதில்லை. ஒருவர் சொற்படி தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார். மற்றொருவர் சொற்படி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார். குறை தீரவில்லை என்று வைத்துக்கொள்க.

இங்கே முதற்கேள்வியின் விடையைக் கவனித்திருந்தால் இவ்விரண்டு செலவும் நேர்ந்திரா. வேகத்தில் முள் இறங்குவதால் ஜலமும் பம்பும் தெர்மோஸ்டாட்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்பது தெளிவு. குறை காற்றில்தான். அவர் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கிறார். முள் ஏறுகிறது, விசிறி அசையவில்லை. ஏ.சி.யைப் போடுகிறார். உடனே விசிறி சுழன்று, ஏறிய முள்ளும் இறங்குகிறது. பாரத்தைக் கூட்டினால் சூடு தணிவது முதலில் விந்தையாய்த் தோன்றும். ஏ.சி.யின் கம்பி விசிறியை இயக்குகிறது. உஷ்ணமறியும் கருவியின் கம்பி இயக்கவில்லை என்பதே இதன் பொருள். அக்கருவியின் இணைப்பை எடுத்துப் பார்த்தால் முனையில் பச்சைப் பாசி. முனையைச் சுத்தம் செய்து பூட்டியதும் விசிறி உரிய காலத்தில் சுழல்கிறது. இவ்வுதாரணத்தைக் கொண்டு வழியில் சூடேறும்பொழுதெல்லாம் ஏ.சி. போடலாமென்று எண்ணுதல் கூடாது. பொதுவிதி ஏ.சி.யை நிறுத்துவதே, இது வீட்டில் செய்யும் பரிசோதனை மாத்திரமே.

ஜலத்தின் தன்மை

கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரையும் ரேடியேட்டரில் ஊற்றுவதால் வரும் கேடு கொஞ்சமல்ல. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள ஜலத்தில் நாளொன்றுக்கு 1 லிட்டர் ஆவியாகிப்போய், அவ்வளவும் தினந்தோறும் நிரப்பப்படுமாயின், 30 நாளில் 15 கிராம் உப்பு உள்ளே தங்கும். சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெள்ளைப் பொருக்கைப்போல இதுவும் குழாய்களிற் படிந்து, உஷ்ணத்தைக் கடத்தாமலும் ஜலத்தை ஓடவிடாமலும் தடுக்கும். ஆதலின் வாலை நீரையோ, முதல் மழையை விட்டுப் பின் சுத்தமாய்ப் பிடித்த மழைநீரையோ உபயோகிப்பது சிலாக்கியம்.

கூலண்ட் என்னும் திரவத்தைச் சேர்ப்பது குளிர்நாட்டாருக்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். எதிலின் கிளைகால் என்னும் பொருளாலான அத்திரவம், உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதிற் சேர்த்துள்ள மருந்துகள் துருவையும் தடுக்கின்றன. பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த நிலையிலேயே ஏறக்குறைய 107 டிகிரி வரை கொதியாது. வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்த வகையையும் விகிதத்தையும் அனுசரிக்கவேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலத்தலாகாது.

எனினும் இத்திரவம் கொடிய விஷம், சுவையோ இனிப்பு. கன்றுகளும் நாய்களும் குழந்தைகளும் அறியாமற் குடிக்கக்கூடும். சிறிதளவும் மூத்திரக்காய்களைக் கெடுத்து உயிருக்கு அபாயம் விளைவிக்கும். ஆகையால் வடித்த திரவத்தைத் தொட்டியோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்து, விஷமென்று எழுதி, ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கவேண்டும்.

ஜலத்தை மாற்றி நிரப்பிய பின் உள்ளே காற்று அடைபட்டால் புதிய கோளாறு தோன்றும். ஹீட்டரைத் திறந்து, காற்று நீக்கும் திருகு இருப்பின் தளர்த்தி, மெதுவாய் நிரப்பவேண்டும். பிறகு மூடியின்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குமிழிகள் நின்றபின் மட்டத்தைச் சரிசெய்து மூடவேண்டும்.

காலமுறைக் கவனிப்பு

வாரந்தோறும் குளிர்ந்த எஞ்சினில் ஜல மட்டமும், மாதந்தோறும் பெல்ட், ஹோஸ், ரேடியேட்டர் முகப்பு ஆகியவையும் பார்க்கப்படவேண்டும். அறுவடை வேலையிலுள்ள டிராக்டர்களின் முகப்பை அன்றாடம் சுத்தம் செய்தல் வேண்டும். பங்குனி முடியுமுன் மின்சார விசிறி தானே சுழன்று தானே நிற்கிறதா என்பதை ஒருமுறை பரீட்சித்துக்கொள்வது கோடைக்கு ஏற்ற முன்னேற்பாடாகும்.

பலர் மாறி மாறி ஓட்டும் பொது வண்டிகளுக்கு ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்தல் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு மிக்க பிரயோஜனமாகும். ஜலம் ஊற்றிய தேதியும் அளவும், முள் ஏறிய இடமும் அப்பொழுது வண்டியின் வேகமும் அதில் எழுதப்படவேண்டும். வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறதென்று அப்புத்தகம் காட்டுமாயின், வண்டி வழியில் நிற்பதற்கு முன்னரே கசிவைத் தேடிப் பிடிக்கலாம். மெக்கானிக்கினிடம் வண்டியை விடும்பொழுதும், "சூடாகிறது" என்று மாத்திரம் சொல்லாமல், எங்கே, எப்பொழுது, எவ்வேகத்தில் சூடாகிறது, எதனால் தணிகிறது என்பவற்றைச் சொன்னால், வேண்டாத உறுப்புகளை மாற்றும் செலவு பெரும்பாலும் மீதமாகும்.